இரட்டைத் தலை ராஜா

வக்கீலிடம் மணி என்ன என்று கேட்டால், கடிகாரத்தைக் கண்டுபிடித்தவனின் ஜாதகத்திலிருந்து ஆரம்பிப்பார். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி அன்று மாலை உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் அது தெரியும். தெரிந்திருந்தும் வாலு கேட்டுவிட்டான்.

"இந்தக் காசுல என்ன சார் அப்படி விசேஷம்?"

மேசைக்கு அடியில் அண்ணி அவன் காலை மிதித்தார். ஆனால் தாமதமான மிதி.

"நல்ல கேள்வி" என்று வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டால் மின்விசிறிகூட மெதுவாகத்தான் சுற்றும்.

அண்ணி என்பது பெயர் அல்ல. வாலுவின் அண்ணன் மனைவி. கொழுந்தன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு ஊரே அவரை அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளுக்குள் புகுந்து, தானாக எரிந்ததா, எரித்தார்களா என்று மோப்பம் பிடிக்கும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்தவர். பிறகு சொந்தமாகத் துப்பறியும் நிலையம் திறந்தார். வீட்டில் சோபாவுக்குப் பாரமாக இருந்த வாலுவை உதவியாளனாகச் சேர்த்துக்கொண்டார். அண்ணிக்கு ஒரு கொள்கை உண்டு. நின்றுகொண்டு துப்பறியமாட்டார். எங்கே போனாலும் முதலில் நாற்காலியைத் தேடுவார், அப்புறம்தான் குற்றவாளியை.

மறுநாள் நாணயக் கண்காட்சி. நாணயம் சேகரிப்போர் சங்கம் அதன் பாதுகாப்பை அண்ணியிடம் ஒப்படைத்திருந்தது. சங்கத்தின் தலைவர் வக்கீல். கண்காட்சியின் நாயகன், அவர் வைத்திருந்த ஒரு காசு.

சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக, மெல்லிசாக, கறுத்த வெள்ளியில் இருந்தது. ஒரு பக்கம் ஒரு ராஜாவின் தலை. திருப்பினால் மதிப்பும் வருடமும் இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. அங்கேயும் அதே ராஜா, அதே மூக்கு.

"அச்சடிக்கிற எடத்துல ஒருத்தன் தூக்கக் கலக்கத்துல ரெண்டு பக்கத்துக்கும் தலை அச்சையே மாட்டிட்டான். பெரியவங்க கண்டுபிடிச்சு நிறுத்துறதுக்குள்ள சிலது வெளிய வந்துடுச்சு. அதுல ஒண்ணுதான் இது" என்று வக்கீல் முடித்தபோது, வாலு இரண்டு முறை கொட்டாவியை விழுங்கியிருந்தான்.

"டாஸ் போட்டா தோக்கவே மாட்டீங்கன்னு ஒரு வரியில சொல்லியிருக்கலாமே சார்."

வக்கீலம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கண்ணாடிப் பெட்டியின் மூடியைத் துடைத்தார். கண்காட்சிக்குப் போகும் காசுகளுக்கு அந்த வீட்டில் கல்யாணப் பெண்ணுக்குரிய கவனிப்பு நடந்தது. பஞ்சுக் கையுறை போட்டுக்கொண்டு, காசின் வயிற்றில் விரல் படாமல் இடுப்பில் பிடித்துத் தூக்கினார் வக்கீல். ஒவ்வொன்றையும் சின்னப் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார வைத்தார். ஒவ்வொரு முக்காலிக்கு அடியிலும் ஒரு வட்டக் கண்ணாடி. பார்க்க வருகிறவர்கள் பெட்டியைத் தொடாமலேயே காசின் பின்பக்கத்தையும் பார்த்துக்கொள்ளலாம். நடுவில், நீல வெல்வெட் துணிமேல், இரட்டைத் தலை ராஜா பள்ளிகொண்டார்.

மேசையோரம் ஒரு வட்டக் கண்ணாடி மீந்து கிடந்தது. வாலு அதை எடுத்து மீசையைச் சரிபார்த்துக்கொண்டான்.

"மீசை வளந்துருக்கா?" என்றார் அண்ணி.

"நம்பிக்கை வளந்துருக்கு அண்ணி."

அப்போது தொலைபேசி அடித்தது. பேசியது சங்கத்தின் செயலாளர். தொழிலில் குழந்தை டாக்டர். சந்தோஷத்தில் அவர் போட்ட சத்தம் மேசை வரைக்கும் கேட்டது.

"தலைவரே, நம்ம அதிர்ஷ்டம்! வெளியூர்லேருந்து நிபுணர் அம்மா நாளைக்கு மத்தியானம் நேர்ல வர்றாங்களாம். தராசு, லென்சு எல்லாம் எடுத்துக்கிட்டு! உங்க ராஜாவைக் கையில எடுத்துப் பாக்கணும்னு சொல்றாங்க!"

வக்கீல் போனைக் காது மாற்றிப் பிடித்தார். பிறகு, "ரொம்ப சந்தோஷம்" என்றார். அதோடு போனை வைத்துவிட்டார்.

"என்னங்க, ரெண்டே வார்த்தையில முடிச்சிட்டீங்க?" என்று வக்கீலம்மா ஆச்சரியப்பட்டார்.

"தூக்கம் வருது" என்று வக்கீல் பெட்டியைப் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டார்.

*

கண்காட்சி நடந்த இடம் இறகுப்பந்து விளையாடும் உள்ளரங்கு. தரையில் மஞ்சள் கோடுகள். கோடுகளுக்குள் மேசைகள். மேசைகளின்மேல் செத்துப்போன ராஜாக்களும், உயிரோடு இல்லாத நாடுகளும். வாசலில், சுவரில், கழிவறைக் கதவில்கூட இரட்டைத் தலை ராஜாவின் படம் போட்ட சுவரொட்டி.

வலையை அவிழ்த்து வைத்திருந்தார்கள். நடுவர் உட்காரும் உயரமான நாற்காலியை மட்டும் எடுக்க மறந்திருந்தார்கள். அண்ணி அதைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் புடவையைச் சொருகிக்கொண்டு ஏறிவிட்டார்.

"அண்ணி, எல்லாரும் பாக்குறாங்க."

"நான்தான் எல்லாரையும் பாக்குறேன். நீ போய் கூட்டத்துல கலந்துக்கோ."

காலையில் வக்கீல் வரவேற்புரை ஆற்றினார். பண்டமாற்றில் ஆரம்பித்தார். உப்பைக் கொடுத்து மிளகு வாங்கிய காலத்தைக் கடப்பதற்குள் முன்வரிசையில் இருவர் தூங்கிவிட்டார்கள். டாக்டர் மூன்று முறை கைதட்டிப் பார்த்தார். வக்கீல் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தொடர்ந்தார். கடைசியில் யாரோ மைக்கின் கம்பியைப் பிடுங்கித்தான் கண்காட்சி திறக்கப்பட்டது.

ராஜாவின் பெட்டிக்குப் பக்கத்து மேசை டப்பாக்காவுடையது. பெரிய பெரிய பிளாஸ்டிக் டப்பாக்களில் உலகத்துச் சில்லறையையெல்லாம் கொட்டி வைத்து, 'எதை எடுத்தாலும் ஒரே விலை' என்று விற்பவர். கண்காட்சிக்குக் கண்காட்சி பஸ்ஸில் டப்பாக்களோடு போய் வருவதுதான் அவர் பிழைப்பு. பெரிய சேகரிப்பாளர்களுக்கு அவர் மேசை கொஞ்சம் இளக்காரம். ஆனால் கூட்டம் என்னவோ அங்கேதான்.

"என்னக்கா, இதுல புதையல் ஏதாவது கிடைக்குமா?" என்று வாலு கையை விட்டுத் துழாவினான்.

"கிடைச்சா எனக்கும் சொல்லு தம்பி. நான் துழாவித் துழாவி ரேகையே அழிஞ்சுபோச்சு."

உச்சிவேளை நெருங்கும்போது வக்கீல் பெட்டியருகே வந்தார். உள்கண்ணாடியில் தூசி என்று சொல்லி மூடியைத் திறந்தார். துடைத்துக்கொண்டே ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

தடால்!

டப்பாக்காவின் மிகப் பெரிய டப்பா கவிழ்ந்தது. காசுகள் அருவியாகக் கொட்டி, குதித்து, உருண்டு, மஞ்சள் கோடுகளைத் தாண்டி ஓடின.

காசு விழுகிற சத்தத்துக்குக் குனியாத மனிதன் இன்னும் பிறக்கவில்லை. அதுவும் நாணயக் கண்காட்சியில். அரங்கு மொத்தமும் குனிந்தது. உயரத்திலிருந்து பார்த்த அண்ணிக்கு முதுகுகள்தான் தெரிந்தன. வெள்ளை முதுகு, கட்டம் போட்ட முதுகு, ஜாக்கெட் முதுகு.

எல்லோரும் நிமிர்ந்தபோது வக்கீல் வாயைக் கையால் பொத்தி இருமிக்கொண்டிருந்தார். இன்னொரு கையால் பெட்டியைக் காட்டினார்.

நீல வெல்வெட் காலி.

டாக்டர் கத்தினார். "கதவைச் சாத்துங்க! யாரும் நகரக் கூடாது! எல்லாரையும் சோதிச்சாகணும்!"

வக்கீல் ஒரு வார்த்தை பேசவில்லை. முன்னால் வந்து கோட்டைக் கழற்றிக் கொடுத்தார். சட்டைப்பை, கால்சட்டைப்பை எல்லாவற்றையும் வெளியே இழுத்துக் காட்டினார். செருப்பைக்கூட உதறினார். முதல் ஆளாகத் தலைவரே சோதனைக்கு நின்றதும், மற்றவர்களும் முணுமுணுக்காமல் வரிசையில் வந்தார்கள்.

சோதனை செய்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். வைக்கோல்போரில் ஊசியைத் தேடலாம். ஊசிப்போரில் ஊசியைத் தேடுவது எப்படி? ஒவ்வொரு பையிலும் காசு, ஒவ்வொரு பர்ஸிலும் ராஜா. எந்த ராஜாவுக்கும் இரண்டு தலை இல்லை.

ஆள்மேல் கிடைக்காததால் சந்தேகம் இடத்தின்மேல் திரும்பியது.

"டப்பா எப்படி கவிழ்ந்துச்சு?" என்று யாரோ கேட்டார்கள்.

"எப்படி கவிழும்? கவிழ்த்தாத்தான் கவிழும்" என்று இன்னொருவர் சொன்னார்.

"எல்லாரும் பொறுக்கிட்டிருந்தப்ப பெட்டிக்குப் பக்கத்துல இருந்தது யாரு?" என்றது மூன்றாவது குரல்.

டப்பாக்காவின் முகம் வெளுத்தது. டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் கெட்டவர் அல்ல. கூட்டத்துக்குப் பயந்தவர். "பாருங்கம்மா, விஷயம் தெளிவாகிற வரைக்கும் உங்க மேசையை மூடிடுங்க. மத்த ஊர்ச் சங்கங்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கும்…"

அதற்கு என்ன அர்த்தம் என்று டப்பாக்காவுக்குத் தெரியும். இந்தத் தொழிலில் ஒரு ஊரில் பேர் கெட்டால் அடுத்த ஊரில் மேசை கிடைக்காது. டப்பாக்கள் வீட்டுப் பரணில் ஏற வேண்டியதுதான்.

"டாக்டரே" என்றார். குரல் நடுங்கியது, வார்த்தை நடுங்கவில்லை. "எதை எடுத்தாலும் ஒரே விலைன்னு விக்கிறவ நான். அந்த ராஜாவை எடுத்து என்ன செய்வேன்? என் டப்பாவுல போட்டா அவனுக்கும் அதே விலைதான்!" மிச்சமிருந்த டப்பாக்களையும் அவரே கவிழ்த்துக் காட்டினார். "தேடிக்கோங்க! நல்லாத் தேடிக்கோங்க!"

தேடினார்கள். கிடைக்கவில்லை. கிடைக்காததும் அவருக்கு எதிரான சாட்சியாகவே ஆனது.

அண்ணி நாற்காலியிலிருந்து இறங்கினார். அவர் தானாக இறங்குவது அபூர்வம் என்பதால் வாலு ஓடிவந்து கைகொடுத்தான்.

"வக்கீல் சார், டப்பா கவிழ்ந்தப்போ நீங்க பெட்டியைப் பாத்துக்கிட்டுதான் இருந்தீங்களா?"

வக்கீல் இல்லை என்று தலையாட்டினார்.

"பக்கத்துல யாராவது வந்தாங்களா?"

தெரியாது என்று தோளைக் குலுக்கினார்.

"யார் மேலயாவது சந்தேகம்?"

கையை விரித்தார். வக்கீலம்மா ஃபிளாஸ்க்கோடு வந்து, "அதிர்ச்சியில இருக்காரு பாவம். ஒரு வாய் டீயாவது குடிங்க" என்று கெஞ்சினார். வக்கீல் உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினார்.

வாலுவுக்குப் பொறுமை போனது. அண்ணியின் காதருகே முணுமுணுத்தான். "என்னண்ணி இந்த மனுஷன்? காலையில வாயை மூட வைக்க கம்பியைப் பிடுங்க வேண்டியிருந்துச்சு. இப்ப என்னடான்னா, அந்தம்மா பேர் நாறுது, இவரு கல்லு மாதிரி நிக்கிறாரு. வாயைத் தொறந்தா முத்தா உதிர்ந்துடும்?"

அண்ணி சட்டென்று திரும்பினார். "என்ன சொன்னே?"

"தப்பா சொல்லிட்டேனா?"

"ஒரே ஒரு தப்பு. முத்துன்னு சொன்னதுதான்."

வாலு விழித்தான். அண்ணி அவனைத் தூண் மறைவுக்கு இழுத்துப் போனார்.

"நேத்து ஒரு கண்ணாடியில மீசை பாத்தியே, அது ஏன் மீந்து கிடந்துச்சு?"

"காசுக்குக் காசு கண்ணாடி வெச்சாரு. ராஜாவுக்கு மட்டும் வெக்கலை. அதான் ஒண்ணு மீந்துச்சு."

"எந்தக் காசுக்குக் கண்ணாடி கட்டாயம் வேணும்?"

வாலுவின் வாய் மெதுவாகத் திறந்தது. "ரெண்டு பக்கமும் தலை இருக்கிற காசுக்கு!"

"மொட்டைத் தலைக்கெல்லாம் சீப்பு கொடுத்துட்டு, சடை போட்டவளுக்கு மட்டும் இல்லைன்னா என்ன அர்த்தம்? அந்த ராஜாவோட முதுகுல ஏதோ இருக்கு. அதை யாரும் பாக்கக் கூடாது. இப்ப நிபுணர் அம்மா லென்சோட வந்துக்கிட்டிருக்காங்க. வக்கீலைக் கூட்டிட்டு வா. உக்கார எடம் இருக்கிற ரூமா பாத்துக் கூட்டிட்டு வா."

*

பந்தும் மட்டையும் வைக்கும் சின்ன அறை. சுருட்டிய வலைமேல் அண்ணி உட்கார்ந்தார். வக்கீல் எதிரே பெஞ்சில். வாலு மூடிய கதவில் சாய்ந்து நின்றான்.

"ஒண்ணும் இல்ல சார், சின்ன விசாரணை. உங்க தொழில் என்னன்னு சொல்லுங்க" என்றார் அண்ணி.

வக்கீல் பையிலிருந்து முகவரி அட்டையை எடுத்து நீட்டினார்.

"அட்டை வேண்டாம். வாயால சொல்லுங்க."

வக்கீல் பல்லுக்கு நடுவே, "லாயர்" என்றார்.

"தமிழ்ல சொல்லுங்களேன்."

"அக்கீல்."

"அது எந்த ஊர்ச் சொல்லோ. உங்க வீட்டு வாசல் பலகையில அழகா எழுதி வெச்சிருக்கீங்களே, வழக்கறிஞர்னு. அதைச் சொல்லுங்க. சொல்லிட்டா நாங்க போயிடுறோம்."

வக்கீல் கதவைப் பார்த்தார். கதவில் வாலு பல்லைக் காட்டினான்.

வாயில் எதையாவது ஒதுக்கிக்கொண்டு தமிழில் பாதி எழுத்துகளை ஒப்பேற்றிவிடலாம். ககரத்தைக் கடிக்கலாம், பகரத்தை முனகலாம். ழகரத்திடம் மட்டும் அந்த வேலை நடக்காது. நாக்கு எழுந்து, பின்னால் மடிந்து, வாய் முழுவதும் எனக்கு வேண்டும் என்று இடம் கேட்கும்.

வக்கீல் நெற்றி வியர்க்க முயற்சி செய்தார். "வ…"

நாக்கு மடிந்தது.

மடக்.

வக்கீலின் கண்கள் இரண்டும் இறகுப்பந்து அளவுக்கு விரிந்தன. கை தொண்டைக்குப் போனது, அங்கிருந்து நெஞ்சுக்கு, அங்கிருந்து வயிற்றுக்கு.

"முழுங்கிட்டேன்!" என்று அலறினார்.

ழகரம் மிகச் சுத்தமாக இருந்தது.

கதவு படாரென்று திறந்து வாலுவை ஓரம் தள்ளியது. ஃபிளாஸ்க்கோடு வக்கீலம்மா. "எதை முழுங்கினீங்க?"

அடைபட்ட வெள்ளம் உடைந்தது. வக்கீல் மூச்சுவிடாமல் பேசினார். போன வாரம் கண்காட்சிக்காகக் காசைப் பார்த்துவைக்கலாம் என்று புது லென்ஸ் வாங்கினாராம். ராஜாவின் பின்பக்கத்தில், விளிம்புக்கு உள்ளே, முடி மாதிரி ஒரு கோடு சுற்றிலும் ஓடியதாம். யாரோ ஒரு கைதேர்ந்த ஆள் இரண்டு காசுகளைக் குடைந்து, ஒன்றுக்குள் ஒன்றைப் பொருத்தி ஒட்டியிருக்கிறான்.

"அச்சுப் பிழையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. மேஜிக் பண்றவன் வெச்சுக்கிற காசு! இத்தனை வருஷமா இதைக் காட்டித்தான் தலைவராவே இருந்திருக்கேன். போஸ்டர் அடிச்சு ஒட்டியாச்சு, நிறுத்த முடியலை. துணியில படுக்க வெச்சா யாருக்கும் தெரியாதுன்னு பாத்தேன். அந்தம்மா தராசோட வர்றேன்னுட்டாங்க. தொலைஞ்சுபோச்சுன்னா அசல்னே பேர் நிக்கும்… டப்பாவை இடிச்சது நான்தான். எல்லாரும் குனிஞ்சப்ப எடுத்து, இருமுற மாதிரி கைக்குள்ள மறைச்சுக்கிட்டேன். பைக்குள்ள போடலாம்னு பாத்தா, டாக்டர் சோதனைன்னு கத்தறதுக்கு வாயைத் தொறந்துட்டாரு. நானும் என் வாயைத் தொறந்தேன்."

"போலிக் காசு உங்ககிட்ட வந்தது உங்க தப்பு இல்ல. யாரோ உங்களை ஏமாத்தினான்" என்றார் அண்ணி. அவர் குரலில் கேலி இல்லை. "ஆனா வெளிய ஒருத்தி பேரை எல்லாருமாச் சேந்து கிழிச்சாங்க. அவ எடுக்கலைன்னு தெரிஞ்ச ஒரே ஆளு நீங்க. வாயை மூடிக்கிட்டு நின்னீங்க. நாணயம் போனது அப்பதான் சார்."

வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். "எல்லார் முன்னாடியும் எப்படி…"

"மைக்குல நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று வக்கீலம்மா கேட்டார். "நான் சொன்னா நம்ம கல்யாணத்துலேருந்து ஆரம்பிப்பேன்."

வக்கீல் எழுந்துவிட்டார்.

மைக் முன்னால் அவர் ஆற்றியது, வாழ்நாளிலேயே மிகச் சிறிய உரை. "காசு போலி. எடுத்தது நான். டப்பாவைத் தட்டிவிட்டதும் நான். இந்தம்மா மேல ஒரு தப்பும் இல்ல. மன்னிச்சிடுங்க." ஒருவரும் கைதட்டவில்லை. ஒருவரும் தூங்கவும் இல்லை.

டாக்டர் சிவந்த முகத்தோடு பாய்ந்து வந்தார். "எங்க வெச்சிருக்கீங்க அதை?"

வக்கீல் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். டாக்டரின் கோபம் போய்த் தொழில் வந்துவிட்டது. "எவ்வளவு பெரிசு? முனை கூரா இருக்குமா? மூச்சு விட முடியுதா? பயப்படாதீங்க. என்கிட்ட வாரம் ஒரு கேஸு வருது. என்ன, இதுவரைக்கும் எல்லாம் நடக்கப் பழகுற வயசு."

எதிர்ச்சாரியில் எக்ஸ்ரே நிலையம் இருந்தது. போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். காசு பத்திரமாக இரைப்பையில் இருக்கிறது, தானாக வெளியே வந்துவிடும் என்றார் டாக்டர். பிறகு நேராக டப்பாக்காவிடம் போய்க் கைகூப்பினார். "நானும் அவசரப்பட்டுட்டேன்மா. அடுத்த கண்காட்சியில வாசலுக்கு நேரா முதல் மேசை உங்களுக்குத்தான்."

டப்பாக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் வக்கீலைப் பார்த்தார். "மைக்குல சொன்னது ஊருக்கு. எனக்கு?"

"என்ன செய்யணும்னு சொல்லும்மா."

டப்பாக்கா தரையைக் காட்டினார். எல்லா டப்பாக்களின் சில்லறையும் அங்கே கிடந்தது. "நாடு வாரியா பிரிச்சுப் போடுங்க. எந்த நாட்டுக் காசுன்னு ஒவ்வொண்ணுக்கும் கதை சொல்லுங்க. உங்களுக்குத்தான் சொல்ல வருமே. கூட்டம் நிக்கும், எனக்கு வியாபாரமும் ஆகும்."

சங்கத் தலைவர் மஞ்சள் கோட்டுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதல் காசை எடுத்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஆச்சரியமாக, கூட்டம் கேட்டது. வாலுகூட உட்கார்ந்து கேட்டான்.

அந்த நேரத்தில்தான் நிபுணர் அம்மா உள்ளே வந்தார். ஒல்லியான, உயரமான பெண்மணி. கையில் தராசுப் பெட்டி. வந்ததும் வராததுமாக, "ராஜா எங்கே?" என்றார்.

டாக்டர் நெளிந்தார். "மன்னிக்கணும் மேடம். அவ்வளவு தூரம் வந்துட்டீங்க. அது… போலின்னு தெரிஞ்சுபோச்சு."

"எனக்கு அன்னிக்கே தெரியுமே" என்றார் நிபுணர் அம்மா. "உங்க சுவரொட்டியைப் பாத்த அன்னிக்கே. அதனாலதானே வந்தேன்."

தரையில் கதை நின்றது.

"காது மடலுக்குக் கீழ ராஜாவுக்கு ஒரு சுருள் முடி கூடுதலா இருக்கு. அது ஒரு நகைப் பட்டறைக்காரரோட கையெழுத்து. மேஜிக்காரங்களுக்காக மட்டும் இந்த வேலை செஞ்சவர். அவர் கை பட்டது உலகத்துல விரல் விட்டு எண்ணுற அளவுலதான் கிடைச்சிருக்கு. அச்சுப் பிழைக் காசு எனக்கு எங்க வேணும்னாலும் கிடைக்கும். இது கிடைக்காது."

வக்கீல் எழுந்து நின்றுவிட்டார். மடியிலிருந்த மூன்று நாடுகள் சிதறின. "அப்ப… என்னுது… அசலைவிட அபூர்வமா?"

"ரொம்ப ரொம்ப. எங்க அது? காட்டுங்க."

அரங்கிலிருந்த எல்லோருடைய பார்வையும் மெல்ல இறங்கி வக்கீலின் சட்டைப் பொத்தான்கள்மேல் நின்றது. யாரும் வாயைத் திறக்காததால், வாலுதான் முன்னால் வந்து எக்ஸ்ரே படத்தைப் பணிவாக நீட்டினான்.

நிபுணர் அம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். லென்ஸை எடுத்து இன்னொரு முறை பார்த்தார். விலா எலும்புகளுக்குக் கீழே வெள்ளை வெளேரென்று ஒரு வட்டம்.

"இதுல சுருள் முடி தெரியலையே" என்றார். "நேர்ல எப்ப பாக்கலாம்?"

"நாளைக்கு… இல்லைன்னா மறுநாள்" என்று டாக்டர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அதனால என்ன, இருந்து பாத்துட்டே போறேன்" என்று நிபுணர் அம்மா தராசுப் பெட்டியைக் கீழே வைத்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக வக்கீலம்மாவின் பக்கம் திரும்பி, மிகவும் அக்கறையாகச் சொன்னார். "ஒரே ஒரு விஷயம்மா. கிடைச்சதும் சோப்பு, பவுடர்னு எதையாவது போட்டுத் தேச்சுக் கழுவிடாதீங்க. பழைய காசு எந்த நிலைமையில கைக்கு வருதோ, அந்த நிலைமையிலயே இருக்கணும். கழுவினா மதிப்பு போயிடும்."

வக்கீலம்மா ஃபிளாஸ்க்கின் மூடியை நிதானமாகத் திருகி மூடினார்.

"என்கிட்ட ஏங்க சொல்றீங்க?" என்றார். "காசு அவரோடது."